தாத்தாவுக்கு ஒன்று, எனக்கு முப்பத்தொன்று

தாத்தாவிடம் ஒரு பேனாக்கத்தி இருந்தது. என்னிடம் 31 இருக்கின்றன. அவர் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது எதையாவது வெட்டினார். போன வருஷம் முழுக்க நான் வெட்டியது ஒரே ஒரு கொய்யாப்பழம். அதையும் அலகில் கறை ஏறிவிடுமே என்று பாதியில் நிறுத்திவிட்டுக் கடித்துத்தான் தின்றேன்.

தாத்தா வாலிபத்தில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். தூத்துக்குடிக் கப்பலில் ஊர் திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, ஒரு 'ராஜர்ஸ்' கத்தி ஆகியவற்றோடு வந்து இறங்கினார். குடை முதல் ஆடிக்காற்றிலேயே போயிற்று. பெட்டி அத்தையோடு சீதனமாகப் போயிற்று. கத்தி மட்டும் அவர் வேட்டி மடியை விட்டு இறங்கவேயில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி செய்தது அது. அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் முத்திரையாக இருக்கும். சைவப் பிள்ளை மடியில் சிலுவை இருப்பதைப் பற்றி ஊரில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

விடிந்ததும் வேப்பங்குச்சி. அப்புறம் தோட்டத்தில் சாப்பாட்டுக்கு வாழையிலை. கொட்டைப்பாக்கைச் சீவுவதும், வந்த கடிதத்தைப் பிரிப்பதும், எனக்குப் பென்சில் கூராக்குவதும், ஆச்சியின் பூஜைக்கு எலுமிச்சம்பழம் நறுக்குவதும் அதே கத்திதான். காலில் உடைமுள் ஏறினால் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, நுனியைச் சிமினி விளக்கில் காட்டிவிட்டுத் தோண்டுவார். "லேய், அங்க பாரு, காக்கா" என்பார். காக்காயைத் தேடி முடிப்பதற்குள் முள் வெளியே வந்திருக்கும். இடையில் வேட்டியில் ஒரு துடைப்பு. சுத்தம் செய்வது என்றால் அவ்வளவுதான்.

யாருக்கும் இரவல் கிடையாது. வற்புறுத்திக் கேட்டால் விரித்த கத்தியைத் திண்ணையில் வைப்பார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது கணக்கு. கூர் மழுங்கினால் கிணற்றடித் துவைகல்லில் நாலு இழுப்பு, தோல் செருப்பின் அடியில் இரண்டு. தெருவில் சாணை பிடிப்பவர் வந்தால் அரிவாள் போகும், அரிவாள்மணை போகும், இது போகாது. "சக்கரத்துல குடுத்தா இரும்போட உசுரு போயிரும்லே" என்பார். அளவுக்கு மேல் சூடேறி விளிம்பு நீலம் பூத்தால் தோய்ச்சல் போய்விட்டது, இனிக் கூர் நிற்காது என்று அதற்கு அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வருஷமும், கொஞ்சம் பாழாய்ப்போன கத்திகளும் ஆயின.

அவர் போன பிறகு கத்தி பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், பொத்தான்களோடும் செல்லாத காசுகளோடும் கிடந்தது. ஓய்வு பெற்ற வருஷம் அது என் கையில் கிடைத்தது. துருப்பிடித்து விரிய மறுத்தது. என்னுடைய சேகரிப்பு என்ற வியாதிக்கு அதுதான் முதல் நாள்.

மண்ணெண்ணெயில் ஊறப்போடு என்றார்கள். ஒரு காலத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்று சலித்த அதே மண்ணெண்ணெய்க்காக மூன்று நாள் அலைந்தேன். இரண்டு நாள் ஊறியது. பழைய பல்துலக்கும் பிரஷ், தீக்குச்சி, துணி. மூன்றாம் நாள் நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்தபோது அலகு மெல்ல எழுந்து, முதுகுப் பக்கத்து ஸ்பிரிங் 'டக்' என்று பிடித்தது. அதே சத்தம். திண்ணையில் கேட்டது. கொஞ்ச நேரம் விரிப்பதும் மடக்குவதுமாகவே இருந்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

அலகு கறுப்பாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. உப்புத்தாள் வாங்கி வந்து ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். முதலில் முரட்டுத்தாள், பிறகு நைஸ் தாள், கடைசியில் பித்தளை பாலிஷ். சாயங்காலம் அது கல்யாணச் சீர்வரிசை எவர்சில்வர் கரண்டி மாதிரி மின்னியது. பெருமையோடு படமெடுத்து மதுரையில் இருக்கும் ஒரு நண்பருக்கு அனுப்பினேன். முப்பது வருஷமாகக் கத்தி சேர்ப்பவர். நாள் முழுக்கப் பதில் இல்லை. ராத்திரி போனில் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கறுப்பு எங்க அண்ணாச்சி?"

அந்தக் காலத்துக் கரி எஃகில் மாங்காய், எலுமிச்சை, பாக்கு என்று புளிப்பும் துவர்ப்பும் படப்பட ஒரு கருநீலப் படலம் ஏறுமாம். சிவப்புத் துரு இரும்பைத் தின்னும். இந்தக் கறுப்பு அதை ஓரளவு தடுக்கும். சேகரிப்பவர்கள் அதற்காகவே காசு கொடுப்பார்களாம். நான் ஒரே மத்தியானத்தில் தாத்தாவின் நாற்பது வருஷத்து மாங்காயைத் துடைத்துவிட்டேன். கூடவே நட்சத்திரத்தில் பாதியும் போயிருந்தது.

பிடியைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் அது மான்கொம்புப் பிடி என்பது பரம்பரைப் பெருமை. ஷெஃபீல்டு கத்திகளுக்கு இந்தியக் காட்டு மிளாவின் கொம்பு கப்பல் கப்பலாகப் போனது உண்மைதான். இங்கிருந்து கொம்பாகப் போய், அங்கிருந்து கத்தியாக வந்து இறங்கும். ஆனால் எல்லோருக்கும் மிளாக்கொம்பு கட்டுபடியாகுமா? மாட்டெலும்பைக் குடைந்து, சாயமேற்றி, கொம்பு மாதிரியே செய்வதும் அங்கே ஒரு கைத்தொழில். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எலும்பில் நுண்ணிய துளைகள் கோடு கோடாகத் தெரியும். தெரிந்தது.

ஒரு வகையில் நிம்மதி. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் மிளாக்கொம்பு விவகாரம் என்றால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூடப் பூஜையறைப் பக்கம் விடாத ஆச்சி, நாற்பது வருஷம் மாட்டெலும்புப் பிடி போட்ட கத்தியால் நறுக்கிய எலுமிச்சம்பழத்தைத்தான் சாமிக்கு வைத்திருக்கிறாள். நல்லவேளை, அவளிடம் லென்ஸ் இல்லை.

அதன் பிறகு 30 கத்திகள் வந்து சேர்ந்தன. விரித்தபின் கழுத்து வளையத்தைத் திருகிப் பூட்டும் பிரான்ஸ் நாட்டு ஒப்பினெல் இரண்டு, சுவிஸ் கத்திகள் நாலைந்து, மீதி பெரும்பாலும் ஷெஃபீல்டு. இந்த உலகத்தின் முதல் விதி: பயன்படுத்தாத கத்திக்குத்தான் விலை. தாத்தாவின் கத்தி தீட்டித் தீட்டி ஒல்லியாகிப் பிறை மாதிரி ஆகிவிட்டதால் சந்தையில் அதற்கு மதிப்பே இல்லை. வெட்டாத கத்தி வைத்திருப்பதில் எனக்கு முன்னோடிகள் உண்டு. அதே ராட்ஜர்ஸ் கம்பெனி 1822-இல் 1,822 அலகு வைத்து ஒரு கத்தி செய்தது. அதை எந்த மடியில் சொருகுவது, எந்த மாங்காயை வெட்டுவது?

பேனாக்கத்தி என்ற பெயர் இறகுப் பேனா சீவியதால் வந்தது. நம் பக்கத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஏடு நறுக்கக் கத்தி, மறுபக்கம் எழுத எழுத்தாணி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது உ.வே.சாமிநாதையர் அதையும் சொல்லியிருக்கிறார். ஒன்று கிடைத்தால் என் கணக்கு 32 ஆகும். மனைவிக்கு இது தெரியாது.

மடியில் வைத்துக்கொள்வதெல்லாம் முடிந்த கதை. சட்டம் பொதுவாக 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகைத்தான் ஆயுதம் என்று கணக்கில் எடுக்கிறது. என்னிடம் இருப்பவை மூன்று அங்குலத்தைத் தாண்டாது. அந்தக் கணக்கு விமானத்துக்குள் செல்லாது. ஒரு விமான நிலையத்தில் சாவிக்கொத்தில் தொங்கிய சுண்டுவிரல் நீளச் சுவிஸ் கத்தியைப் பாதுகாப்புப் பையன் மரியாதையாகக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டான். உள்ளே நூறு நகவெட்டிகள் கிடந்தன. "அய்யா, பெட்டிக்குள்ள வச்சு லக்கேஜ்ல போட்டிருக்கலாமே" என்றான். தாத்தா கடல் தாண்டும்போது அவரிடம் யாரும் எதையும் கேட்டதாகச் சொன்னதில்லை.

பேரனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த கேம்ல வருது தாத்தா?" என்றான். அவன் பென்சிலை பேட்டரியில் ஓடும் ஷார்ப்பனர் சீவுகிறது. காலில் முள் ஏற அவனுக்கு வழியில்லை.

31-ஆவது கத்தி போன மாதம் கூரியரில் வந்தது. பார்சலைச் சுற்றி நாலு சுற்று டேப். வீட்டுச் சாவியால்தான் கிழித்தேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். கிடைத்தால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். பிறகு ஒரு மாங்காயை வெட்டுங்கள். விற்கிற எண்ணம் வந்தால் மட்டும் என் வீட்டுக்குப் பகலில் போன் செய்ய வேண்டாம். பகலில் போனை எடுப்பது என் மனைவி.