போர்டு தாங்குமா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளையே சுற்றுகின்றன. வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து ஓவர்க்ளாக் செய்ய, அதாவது பிராசசரை அதற்குக் குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டத் துடிக்கிற பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் எடுத்துக் கொடுக்கிற பெற்றோர்களும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்தப் பக்கம் முழுக்க மதர்போர்டுதான்.

கல்லூரி மாணவர், அல்சூர்: விலை கூடிய மதர்போர்டு போட்டால் பிராசசர் வேகமாக ஓடுமா?

ஓடாது தம்பி. அதே பிராசசர், அதே ரேம், அதே செட்டிங் என்றால், நடுத்தர போர்டில் ஓடும் கேமும் அதைப்போல மூன்று மடங்கு விலையுள்ள போர்டில் ஓடும் கேமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். போர்டு வேகத்தைக் கொடுப்பதில்லை, தாங்குகிறது. உங்கள் பிராசசர் எவ்வளவு பாரம் ஏற்றும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அந்தப் பாரத்தைத் தாங்கும் போர்டை வாங்கி, மிச்சப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டுக்கு வையுங்கள்.

வாசகர், ஸ்ரீராமபுரம்: எல்லா போர்டிலும் ஓவர்க்ளாக் செய்யலாம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

வேண்டாம். இன்டெல் என்றால் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். பிராசசர் பெயரின் பின்னால் ‘கே’ இருக்க வேண்டும். சிப்செட் பெயர் ‘இசட்’டில் தொடங்க வேண்டும்: இசட் 690, இசட் 790, இசட் 890. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பூட்டு திறக்காது. பி 760 போர்டில் ரேம் வேகத்தை ஏற்றலாம், பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியைத் தொட முடியாது. ஏஎம்டி இதில் தாராளம். பி 550, பி 650 போன்ற நடுத்தர போர்டுகளிலேயே அனுமதி உண்டு, ஏ 520, ஏ 620 போர்டுகளில் கிடையாது. பிராசசரே பூட்டோடு வருவதும் உண்டு, ரைசன் 7 5800எக்ஸ்3டி அப்படித்தான் வந்தது. ‘கே’ இல்லாத ஐ5-12400எஃப்புக்கு இசட் 790 வாங்குவது மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்குகிற கதை.

மென்பொருள் ஊழியர், மடிவாளா: பெட்டி மேல் 14 ஃபேஸ், 16 ஃபேஸ் என்று போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை கூடக்கூட நல்லதா?

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இது. எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு அனுப்புவது 12 வோல்ட். பிராசசர் கேட்பதோ ஒன்றேகால் வோல்ட் சுமாருக்கு. இறக்கிக் கொடுக்கும் வேலையைச் செய்கிற பகுதிக்குத்தான் விஆர்எம் என்று பெயர். ஐ9-14900கே முழுப் பளுவில் 253 வாட் இழுக்கலாம் என்று இன்டெல்லே வரம்பு வைத்திருக்கிறது. அதை ஒன்றேகால் வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், சுமார் 200 ஆம்பியர் வருகிறது. உங்கள் வீட்டுக் கீசர் பிளக்கில் எழுதியிருப்பது 16 ஆம்பியர்! வோல்ட் குறைவு என்பதால் மொத்த மின்சாரம் கீசரைவிட மிகக் குறைவுதான். ஆனால் சூட்டைக் கிளப்புவது ஆம்பியர். அத்தனை ஆம்பியரும் தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சதுரத்துக்குள் போயாக வேண்டும்.

ஏரித் தண்ணீரை ஒரே மடையில் திறந்துவிட்டால் மடை உடையும். பல மடைகளில் பிரித்துவிட்டால் தாங்கும். ஃபேஸ் என்பது அந்த மடைதான். பிராசசர் உட்காரும் சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் சாம்பல் நிறத்தில் வரிசையாக நிற்கும் சின்னக் கட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கட்டிக்கும் பக்கத்தில் ஒரு கறுப்புச் சில்லு ஒட்டியிருக்கும். உண்மையில் உழைப்பது அந்தச் சில்லு. அது 50 ஆம்பியர் தாங்குவதா, 60-ஆ, 80-ஆ, 90-ஆ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மட்டமான 12 மடைகளைவிட உறுதியான 8 மடைகள் மேல். ஒரே கட்டளையில் திறக்கும் இரட்டை மடையை இரண்டு என்று எண்ணிப் பெட்டியில் அச்சடிப்பதும் உண்டு. அதனால் பெட்டியை விட்டுவிட்டு ஹீட்சிங்க்கைப் பாருங்கள். கனமான உலோகமா, காற்று புக வரிகள் வெட்டியிருக்கிறதா, திருகு போட்டு இறுக்கியிருக்கிறதா, இல்லை பிளாஸ்டிக் மூடி அழகுக்கு உட்கார்ந்திருக்கிறதா?

ரைசன் 5 7600 வாங்குபவர் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. அது தானாக இழுக்கும் உச்சமே 88 வாட். ஒழுங்கான ஹீட்சிங்க் உள்ள எந்த பி 650 போர்டும் போதும்.

பாலிடெக்னிக் மாணவி, ஜெயநகர்: வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால் சூடும் 10 சதவீதம்தானே ஏறும்?

அப்படி இருந்தால் எல்லோரும் ஓவர்க்ளாக் செய்துவிடுவார்கள். வேகம் ஏற்றினால் பெரும்பாலும் வோல்ட்டும் ஏற்ற வேண்டிவரும். மின்செலவு வேகத்தின் மடங்கிலும், வோல்ட்டின் வர்க்க மடங்கிலும் ஏறும். 4 கிகாஹெர்ட்ஸை 4.4 ஆக்கி, அதற்காக 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினீர்கள் என்று வையுங்கள். 1.1-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 1.331 வரும். கிடைப்பது 10 சதவீத வேகம், கொடுப்பது 33 சதவீதக் கூடுதல் மின்சாரம். அதைச் சுமக்க வேண்டியது போர்டு, வெளியேற்ற வேண்டியது கூலர்.

வாசகர், எஜிபுரா: சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனைவிட நம்ம ஊர்க் குளுமையில் நான் அதிகம் ஏற்றலாம் இல்லையா?

ஏற்றலாம், கொஞ்சம். அறைச் சூட்டைவிட 50 டிகிரி மேலே பிராசசரை நிறுத்துகிற கூலர் என்று வைத்துக்கொண்டால், இங்கே 26 டிகிரி அறையில் 76. சென்னையில் மே மாதம், ஏசி போடாத 38 டிகிரி அறையில் 88. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி எல்லை, அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் டிசம்பரில் செட்டிங் வைத்துவிட்டு அதையே நம்பி இருக்காதீர்கள். 2016 ஏப்ரலில் இதே பெங்களூரில் 39.2 டிகிரி பதிவானது. சோதனையை ஏப்ரல் மதியத்தில், ஜன்னல் சாத்திய அறையில் செய்யுங்கள். அதில் நின்றால் எப்போதும் நிற்கும்.

இன்னொன்று. தண்ணீர்க் கூலர் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரணக் கூலரின் ஃபேன் பக்கத்தில் இருக்கும் விஆர்எம் மேலும் காற்றடிக்கும். தண்ணீர்க் கூலர் போட்டால் அந்தக் காற்று நின்றுபோகும், பிராசசர் குளிர்ந்திருக்க விஆர்எம் தனியே வேகும். கேபினெட்டின் பின்பக்க ஃபேனை மறக்காமல் மாட்டுங்கள். மெட்ரோ வேலை, வீட்டு வேலை என்று தெருவெல்லாம் தூசு பறக்கும் ஊர் இது. ஃபில்டரையும் மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

மாணவர், கே.ஆர். புரம்: 6000 என்று சொல்லி வாங்கிய டிடிஆர்5 ரேம் 4800 என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. ரேம் முதலில் அடிப்படை வேகத்தில்தான் ஓடும், சொன்ன வேகத்தை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். பயாஸுக்குள் போய் ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ, இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யுங்கள். இரண்டு ரேம் குச்சி என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுங்கள். நான்கு குச்சி போட்டால் வேகம் இறங்கும்.

வாசகர், விவேக் நகர்: எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சாக்கெட் பின்னைப் பாருங்கள். கவுன்டரிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். சாக்கெட் மூடியைக் கடைக்காரரே எடுக்கட்டும். போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் போல வரிசை வரிசையாக மின்னும், ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 பின்கள். போனை மெல்ல நகர்த்துங்கள், வரிசையும் கூடவே மின்னிக்கொண்டு நகரும். ஒரு பின் வளைந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒளி தப்பும். கடையை விட்டு இறங்கிய பிறகு வளைந்த பின்னோடு திரும்பிப் போனால் வாரன்டி கேட்டு வாதாட முடியாது. யார் வளைத்தது என்று நிரூபிப்பது எப்படி?

ஜிஎஸ்டி பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். ‘பில் கொடி’ என்று கன்னடத்தில் மரியாதையாகக் கேளுங்கள், அதில் போர்டின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பழைய போர்டு வாங்குகிறீர்கள் என்றால் பிராசசர் போட்டு பயாஸ் திரை வருவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற பொறியாளர், ஃப்ரேசர் டவுன்: 1998-ல் செலிரான் 300ஏவை 450-ல் ஓட்டியவன் நான். இப்போது அந்த மாதிரி லாபம் கிடைக்குமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் சார். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினால் நாலரை மடங்கில் 450. ஏபிட் பிஹெச்6 போர்டில் ஜம்பர் மாற்றாமல் பயாஸிலேயே செய்துவிடலாம். ஒரே படியில் 50 சதவீதம்!

இன்று அப்படிக் கிடைக்காது, காரணம் இருக்கிறது. சில்லு வடிவமைப்பவர்கள் மோசமான சில்லுக்கும் மோசமான வெயிலுக்கும் சேர்த்து ஒரு இடைவெளி விட்டுவைப்பார்கள். அந்த இடைவெளியைத்தான் நீங்கள் அன்று எடுத்துக்கொண்டீர்கள். இப்போதைய பிராசசர் தன் சூட்டையும் மின்சாரத்தையும் தானே நொடிக்கு நொடி அளந்து, அந்த இடைவெளியைத் தானே பயன்படுத்திக்கொள்கிறது. நமக்கு மிஞ்சுவது சில சதவீதம். அந்த இடைவெளியைக் கணக்குப் போடுகிறவர்கள் நம்ம ஊரிலும் இருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை. 2008 செப்டம்பரில் வந்த ஆறு கோர் ஜியான் 7400, 190 கோடி டிரான்சிஸ்டர்கள் கொண்டது, இன்டெல்லின் பெங்களூர் மையத்தில் உருவானது.

வாசகர், ஓசூர்: ஓவர்க்ளாக்கில் பிராசசர் எரிந்துபோகுமா?

எரியலாம். 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டோடு கருகின. எக்ஸ்போ ஆன் செய்ததும் சில போர்டுகள் அளவுக்கு மீறி வோல்ட் கொடுத்ததுதான் சிக்கல். ஏஎம்டி அந்த வோல்ட்டுக்கு 1.3 என்று பூட்டுப் போட்டது, புது பயாஸ்கள் வந்தன. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் அதிக வோல்ட்டில் தேய்ந்து கிராஷ் ஆனபோது, திருத்தத்தோடு வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டினார்கள். ஆகவே போர்டு வாங்கியதும் முதல் வேலை பயாஸ் அப்டேட். மழை இருட்டிக்கொண்டு வரும் மே மாத மாலையில், யூபிஎஸ் இல்லாமல், அதை ஆரம்பிக்காதீர்கள். பாதியில் கரன்ட் போனால் போர்டு எழுந்திருக்காது. பிராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் பின்பக்கம் இருக்கிற போர்டாகப் பார்த்து வாங்குங்கள். அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணாகாது.

பள்ளி மாணவர், மர்பி டவுன்: வீட்டில் 9 கிகாஹெர்ட்ஸ் தொட முடியுமா?

2022 டிசம்பரில் தொட்டார்கள், திரவ ஹீலியம் ஊற்றி. வீட்டில் முடியாது.

அம்மா ஒருவர், ராமமூர்த்தி நகர்: பத்தாம் வகுப்பு முடித்த மகன் கம்ப்யூட்டர் தானே அசெம்பிள் செய்து ஓவர்க்ளாக்கும் செய்வேன் என்கிறான். விடலாமா?

விடுங்கள் அம்மா. பி 550 போர்டும் ரைசன் 5 5600-ம் அவனுக்கு நல்ல தொடக்கம், பட்ஜெட்டும் தாங்கும். ஓவர்க்ளாக்கில் வரும் சேதத்துக்குப் பிராசசர் வாரன்டி பொருந்தாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வேகம், வோல்ட், சூடு என்று மூன்று பத்தி போட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றி எழுதிவைக்கட்டும். ஒரு நாள் திரை கறுத்துப்போகும், பையன் முகமும் கறுக்கும். பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். போர்டில் எட்டணா அளவில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும். அதைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த ஐந்து நிமிடம் நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.