சோளகத்துக்கு எத்தனையாம் கியர்?

தீவுப்பகுதியில் மலை கிடையாது. வேலணையில் இருந்து குறிகட்டுவான் துறை வரைக்கும் சைக்கிள் உழக்குகிறவன் ஏறவேண்டிய ஆக உயரமான இடம் ஏதாவதொரு மதகின் முதுகாகத்தான் இருக்கும். ஆகவே, பழைய ரேசிங் சைக்கிளுக்குக் கியர் லீவர் மாற்றப்போகிறேன் என்று நான் அறிவித்ததும் ஊர் சிரித்ததில் நியாயம் உண்டு. "ஏன் மாஸ்டர், நெடுந்தீவிலை மலை முளைச்சிட்டுதோ?" என்று கேட்டார் ஒருவர். நெடுந்தீவில் வளரும் கல் என்று ஒன்று இருக்கிறது. அது மலையாகும் வரை பொறுத்திருந்து, பிறகு கியர் வாங்கினால் போதும் என்பது அவருடைய ஆலோசனை.

சிரித்தவர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிள்காரர்கள். அவர்களுக்குச் சோளகம் என்றால் சட்டை படபடக்கும், அவ்வளவுதான். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற வாணர் தாம்போதியில், ஆனி மாதத்துப் பின்னேரம் ஒன்றில் சைக்கிளோடு இறங்கிப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் கடல். மறைப்புக்கு ஒரு பனை இல்லை. தென்மேற்கில் இருந்து வருகிற காற்றுக்கு எதிராக, நீங்களும் சரியாகத் தென்மேற்கு நோக்கித்தான் போகவேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும், உண்மைதான். ஆனால் கார்த்திகை, மார்கழியில் வாடை வந்து அந்தக் கணக்கையும் திருப்பி எழுதிவிடும். மலை என்றால் ஏறினவன் ஒரு கட்டத்தில் இறங்குவான். காற்றுக்கு உச்சி என்று ஓரிடம் இல்லை.

சைக்கிளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜப்பானில் யாரோ ஓடித் தேய்த்துவிட்ட சைக்கிள்கள் கப்பலேறி வந்து யாழ்ப்பாணத்தில் 'ஜப்பான் சைக்கிள்' என்று விலைப்படுகின்றனவே, அந்த வம்சம். வளைந்த ஹாண்டில், மெல்லிய ரயர், பின் சில்லில் ஏழு பல்லுச் சக்கரங்கள். ஃபிரேமில் ஜப்பானிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். அது அந்த நாட்டுப் பொலிஸ் பதிவு என்று மருமகன் சொன்னான். எனது மனைவி அதை மந்திரத் தகடு என்று நினைத்து, துடைக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் துடைக்கிறாள்.

கியர் லீவர் இரண்டும் ஹாண்டிலில் இல்லை. முழங்காலுக்குக் கிட்ட, ஃபிரேமின் சரிந்த குழாயில் இருந்தன. அதில் வலது பக்கத்து லீவரின் ஆணியை உப்பு தின்றுவிட்டது. இந்த லீவருக்கு ஒரேயொரு வேலைதான்: கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது. பிடி விட்டால், சங்கிலியை இடம் மாற்றும் பின்பக்கக் கையில் இருக்கிற ஸ்பிரிங் கேபிளைத் தன் பக்கம் இழுக்கும்; சங்கிலி ஆகச் சின்னப் பல்லுக்குப் போய் விழும். ஆகச் சின்னப் பல்லு என்றால் ஆகப் பாரமான கியர். எனவே தாம்போதியின் நட்டநடுவில், சோளகம் முகத்தில் அறைகிற நேரம் பார்த்து, என் சைக்கிள் தானாகவே உலகத் தரமான வேகத்துக்குரிய கியருக்கு மாறிக்கொள்ளும். வேகம் மட்டும் மாறாது.

சுவிஸில் இருக்கும் மருமகனுக்கு விசயத்தைச் சொன்னேன். அவன் அங்கே உண்மையான மலைகளில் ஏறுகிறவன். "மாமா, இப்ப எல்லாம் கறண்டிலை மாறுற கியர். பொத்தானை அமத்தினாச் சரி. கிழமைக்கணக்கா சார்ஜ் நிக்கும்" என்றான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றிலும் வெயிலிலும் இருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 2021இல் சீனக் கம்பனிக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். இந்தியா முகம் சுளித்தது. 2022 மார்ச்சில் அது இந்திய உதவித் திட்டமாகக் கைமாறியது. மூன்று சின்னத் தீவுகளுக்கு லைற் எரிவதற்கே இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொள்கிற இடத்தில், என் கியருக்கும் பற்றரி போட்டு இந்து சமுத்திரத்தின் பதற்றத்தைக் கூட்ட எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது, பிறேக் பிடியோடு சேர்ந்த லீவர். 1990இல் சிமானோ கம்பனி கொண்டுவந்த ஏற்பாடு இது. பிறேக்கையும் கியரையும் ஒரே கைக்குள் வைத்துவிட்டார்கள். ஹாண்டிலில் இருந்து கையை எடுக்கவே தேவையில்லை. அருமையான சாமான், குறை சொல்ல மனம் வராது. பட்டணத்துக் கடையில் மலிவானதாக எட்டுக் கியர்ச் சோடி ஒன்றைக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும் எனக்கு நல்ல வளர்த்தியான கடா ஒன்றின் முகம் ஞாபகம் வந்தது. கடாவையும் விற்கலாம்தான். பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது.

இந்த லீவருக்குப் பொருத்தம் பார்க்கவேண்டும். அதில் ஒவ்வொரு 'கிளிக்'கும் இன்ன அளவு கேபிளைத்தான் இழுக்கும் என்று விதி. அந்த அளவுக்குப் பின்பக்கக் கை இசையவேண்டும், கை நகரும் தூரத்துக்குப் பல்லுகளின் இடைவெளி இசையவேண்டும். எட்டுப் பல்லுக் கூட்டில் ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் 4.8 மில்லிமீற்றர், ஏழில் 5. இந்த 0.2 மில்லிமீற்றர் தோசத்தைப் பொறுத்துக்கொண்டு எட்டின் லீவரை ஏழுக்குக் கட்டிவைத்தால் பெரும்பாலும் குடும்பம் நடக்கும், ஒரு கிளிக் சும்மா கிடக்கும். ஆனால் எட்டுக்கு எட்டே வேண்டும் என்று நின்றால் புதுச் சில்லு வேண்டும். எட்டுப் பல்லுச் சில்லின் அச்சு 130 மில்லிமீற்றர், என் ஃபிரேமின் பின்வாசல் 126. வாசலை வளைத்து அகலப்படுத்தலாம். பிறகு சங்கிலி, பிறகு கேபிள். கடைசியில் பழைய சைக்கிளில் மிஞ்சுவது அந்த ஜப்பான் பொலிஸ் ஸ்டிக்கர் மட்டும்தான். லீவரின் விலை லீவரின் விலையல்ல. அது உள்ளே வந்தபிறகு யார் யாரையெல்லாம் வெளியே போகச் சொல்கிறது என்பதையும் கூட்டித்தான் விலை பார்க்கவேண்டும்.

எங்கள் சைக்கிள் கடை அண்ணையிடம் வேறொரு வழி இருந்தது: சிறுவர்களின் 'மவுண்டன்' சைக்கிளில் வருகிற பெருவிரல் லீவர். விலை மலிவு. ஆனால் அது 22.2 மில்லிமீற்றர்க் குழாய்க்குச் செய்தது. வளைந்த ஹாண்டில் 23.8. "1.6 மில்லிமீற்றர் எல்லாம் ஒரு அளவே மாஸ்டர்?" என்றபடி அரத்தை எடுத்தார். லீவரை அராவப்போகிறாரா, ஹாண்டிலையா என்று தெரியாததால் நான் சைக்கிளை ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

உண்மையில் அண்ணை கியருக்கே விரோதி. "தொண்ணூறுகளிலை பெற்றோல் தடை எண்டு முழு யாழ்ப்பாணமும் சைக்கிளிலைதான் ஓடினது. கரியரிலை மூட்டை, பாரிலை பிள்ளை, பின்னாலை மனிசி. ஆர் மாஸ்டர் கியர் வைச்சிருந்தது?" என்பார். மறுக்க முடியாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோக் கறண்டில் றேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். அந்தச் செய்திகளுக்கும் ஒரு கியர்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு இருபது வயது என்பதை அண்ணை தன் வாதத்தில் சேர்ப்பதில்லை.

பிரான்சுச் சுற்றுப் போட்டியைத் தொடங்கிய தெகிராஞ்சும் அண்ணையின் கட்சிதான். சங்கிலி தாவும் கியரை 1937 வரைக்கும் அவருடைய போட்டிக்குள் விடவில்லை. கியர் எல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்பது அவருடைய எண்ணம். அதை அறிந்தபிறகுதான் எனக்கு மனம் ஆறியது. அவருடைய சட்டப்படியே எனக்கு முழு அனுமதி உண்டு, அதுவும் பல வருட நிலுவையோடு.

கடைசியில் விடை அண்ணையின் கடையிலேயே, ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் கிடந்தது. ஜப்பான் ரேசிங் சைக்கிள் வாங்குகிற ஆட்கள் வளைந்த ஹாண்டிலோடு குனிந்து ஓட விரும்பாமல், நேர் ஹாண்டில் பூட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். அப்போது கழற்றிய குழாய் லீவர்களை அவர் இந்த ரின்னுக்குள் போட்டுவைத்திருந்தார். கிளிக் இல்லாத, வெறும் உராய்வில் நிற்கிற வகை. தள்ளினால் போகும், விட்ட இடத்தில் நிற்கும். ஐந்து பல்லோ எட்டுப் பல்லோ, எந்தக் கம்பனியோ, அது விசாரிக்காது. உள்ளே ஆணி, வளையம், ஒரு தட்டு. குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகின் கூரையில் கிடந்து உப்புத் தண்ணீர் குடித்தாலும், இறங்கியபின் விரலால் திருகி இறுக்கிவிட்டு ஓடலாம். பிறேக்கோடு சேர்ந்த லீவருக்குள் இருக்கிற பற்களும் ஸ்பிரிங்குகளும் உப்பும் பழைய கிறீசும் கட்டிப்பட்டு இறுகினால், அதைத் திறக்க எனக்குத் தைரியமில்லை. அண்ணைக்குத் தைரியம் உண்டு என்பதுதான் அதைவிடப் பயம்.

குறை இல்லாமலில்லை. கியர் மாற்ற ஒரு கையை ஹாண்டிலில் இருந்து எடுக்கவேண்டும். பண்ணைப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்க, பின்னால் பஸ் கோர்ன் அடிக்க, ஒரு கையை முழங்காலடிக்குக் கொண்டுபோவது எல்லோருக்கும் ஏற்ற காரியமல்ல. நாள்தோறும் பட்டணத்து நெரிசலில் ஓடுகிறவருக்குக் கடாவை விற்று எட்டுக் கியர் வாங்குங்கள் என்றுதான் சொல்லுவேன். தீவில் ஓடுகிறவன் ஒரு தாம்போதிக்கு ஒருதரம் கியர் மாற்றினால் அதிகம்.

வலது லீவரை மட்டும் எடுத்தேன். முன்பக்கச் சக்கரத்தை மாற்றும் இடது லீவரை நான் தொட்டதே இல்லை. அண்ணை பூட்டித் தந்துவிட்டு, ஒரு பிளேன்ரீக்கு மேல் காசு வாங்க மறுத்தார்.

படமெடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். ஏளனம் வரும் என்று பார்த்தால், உடனே போனே வந்தது. இத்தாலியில் 'எரோய்க்கா' என்று பழைய சைக்கிள்காரருக்கு ஒரு ஓட்டம் 1997இல் இருந்து நடக்கிறதாம். 1987க்கு முந்திய சைக்கிளாக இருக்கவேண்டும், கியர் லீவர் குழாயில்தான் இருக்கவேண்டும் என்பது விதியாம். அதற்காக அங்கே இந்தச் சாமானைத் தேடி அலைகிறார்களாம். "மாமா, அந்த ரின்னுக்குள்ளை இன்னும் எத்தினை கிடக்கு?"

நான் கடையில் நின்றுதான் கதைத்துக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணை சத்தமில்லாமல் ரின்னை எடுத்து, மூடியைத் தேடிப் பிடித்து அமர்த்தி மூடி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

"சோடி என்ன பிராங்குக்குப் போகுமெண்டு ஒருக்கால் கேளுங்கோ மாஸ்டர்."