ஓம் பொருத்தம்: ஓர் ஆய்வு

வால்வு ஆம்ப்புக்கு ஏற்ற ஹெட்போன் எது என்னும் வினாவை ஆராயப் புகுமுன், அவ்வினா எழ வேண்டிய தேவையை நிறுவுதல் ஆய்வு மரபு. அதை நிறுவ முடியவில்லை. செல்போனில் செருகினாலே பாட்டு கேட்கிறது. ஆகவே மேலே செல்வோம்.

ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது ‘பாட்டில்ஹெட் கிராக்’ என்னும் அமெரிக்க ஆம்ப். உதிரிப் பாகங்களாக வரும். வாங்குபவரே சால்டரிங் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். முன்னே 12ஏயூ7, பின்னே 6080 என இரு வால்வுகள். இவற்றுள் 6080 இசைக்கென்று பிறந்ததே அன்று. பவர் சப்ளையில் வோல்ட்டேஜ் ஏறாமல் இறங்காமல் காவல் காப்பதற்காகச் செய்யப்பட்டது. வேறெங்கோ உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று, சங்கீத சபாவுக்குச் செயலாளராக வந்து சேரும் பெரியவர்களைப் போல இதுவும் பிற்காலத்தில் இசைக்கு வந்தது. அதன் ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 16 வாட் செலவு. காதுக்குப் போய்ச் சேர வேண்டியதோ சில மில்லிவாட். எஞ்சியது அறையைச் சூடாக்குகிறது. மார்கழியில் இது வசதி, சித்திரையில் பக்தி.

இனி, பொருத்தம். இவ்வகை ஆம்ப்பில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கிடையாது. அதனால் அதன் சொந்த இம்பீடன்ஸ், அதாவது கரண்ட்டுக்கு அது காட்டும் எதிர்ப்பு, சுமார் 120 ஓம். அதில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் வோல்ட்டேஜில் ஐந்தில் ஒரு பங்குதான் ஹெட்போனுக்கு. மற்றதை ஆம்ப்பே விழுங்கிவிடும். 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 என்றால் பத்தில் ஏழு பங்கு கிடைக்கும். 600 ஓம் பேயர்டைனமிக் டிடி 880 இன்னும் உத்தமம்.

‘ஆம்ப்பின் இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மிகலாகாது, மேற்படி சம்பந்தம் எதுவுமே செல்லாது’ என்பாரும் உளர். கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆயினும் ஐஇசி 61938 என்னும் சர்வதேசத் தரநிலை 1996-இல் பரிந்துரைத்தது இதே 120 ஓமைத்தான். தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் அதைச் சட்டை செய்யவில்லை என்பது அதன் பெருமையைக் குறைக்காது.

வால்வு ரசிகர்கள் உருகும் ‘கதகதப்பு’ எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே விளங்கும். எச்டி 600-க்கு 300 ஓம் என்பது பெயரளவுக்குத்தான். 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அது 500 ஓமைத் தாண்டும். அந்த இடத்தில் மட்டும் ஹெட்போனுக்குப் பங்கு சற்றுக் கூடுகிறது. கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு டெசிபல். வால்வு தன் பங்குக்குச் சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக் தனி. மிருதங்கத்தின் தொப்பிக்கு உயிர் வந்துவிட்டது என்று கண் மூடிச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு டெசிபலைத்தான்.

பிளேனார் வகை ஹெட்போன்களில் இந்த வரவும் இல்லை. அவற்றின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பேஸ் கூடுவதில்லை. நஷ்டம் மட்டும் உண்டு. கரண்ட் கேட்டே பேர் வாங்கிய ஹைஃபைமேன் எச்இ-6-ஐ இதில் மாட்டினால் 6080 கையை விரித்துவிடும். அதற்கு நல்ல டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பே கதி. எதிர்க்கோடியில், 16 ஓம் இயர்போனைச் செருகினால் பாட்டுக்கு முன்பே ‘உம்ம்ம்’ என்று ஒரு சுருதி எழும். அது தம்பூரா அன்று; கரண்ட்.

வால்வை மாற்றிப் பார்க்கும் துறை தனி ஆய்வுக்கு உரியது. 12ஏயூ7-ஐக் கழற்றிவிட்டு, பழைய முல்லார்ட், டெலிஃபங்கன் என்று தேடிப் போடுவார்கள். சில வேளை வால்வின் விலை ஆம்ப்பின் விலையை எட்டிப் பிடிக்கும். கண்ணாடியைப் பென்சில் நுனியால் மெல்லத் தட்டி, காதில் ‘டிங்’ என்று மணி அடித்தால் முகம் சுளித்து ஓரம் வைப்பார்கள். மாற்றும் முறை இது: பழைய வால்வு ஆற வேண்டும், துணி சுற்றி, அசைத்து அசைத்துப் பிடுங்க வேண்டும், புதியது சூடேற வேண்டும். அதற்குள் முந்தைய ஒலி நினைவிலிருந்து நழுவிவிடும். ஆகவே ‘புதியதே மேல்’ என்னும் முடிபுக்கு எதிர்ச்சான்று எதுவும் கிடைக்கவில்லை. எதிர்ச்சான்று தேட இன்னொரு முல்லார்ட் தேவைப்படுகிறது.