எள்ளும் தண்ணீரும் ஐந்து லட்சமும்

ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போய், காவிரி கடலில் சேரும் இடத்தில் முழுக்குப் போட்டு, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுக் கரையேறினேன். சாஸ்திரிகள் தட்சிணைக்கு லேமினேட் செய்த க்யூஆர் அட்டையை நீட்டினார். ஈரக்கையில் விரல்ரேகை எடுக்கவில்லை. மணலைத் தட்டி, மேல்துண்டில் துடைத்துக் கட்டைவிரலை மறுபடி வைத்தேன். பணம் போயிற்று. ஆனால் அவருக்குக் காட்டவேண்டிய பச்சை டிக்கை மறைத்துக்கொண்டு திரை முழுக்க ஒரு பெண் சிரிக்கிறாள்: ‘வாழ்த்துகள்! உங்களுக்கு 5 லட்சம் ரூபாய் கடன் தயார்!’

பிதுர்க்கடன் தீர்ந்து அரை நிமிடம் ஆகவில்லை.

“டிக் தெரியலையே சார்” என்கிறார் சாஸ்திரிகள். அவருக்குப் பின்னால் ஈர வேட்டிகளின் வரிசை. மூடுவதற்கான பெருக்கல் குறியோ மூலையில் எள்ளளவு. ஒரு மூதாதையருக்கு இறைத்தது ஒட்டிக்கொண்டதோ என்றுகூட நினைத்தேன்.

முதல் நாள் அமாவாசை திதி எத்தனை மணி வரை என்று போனில் பார்த்ததற்குத் தண்டனை தனி. அன்று இரவிலிருந்து எதைத் திறந்தாலும் ‘நீங்கள் இல்லாத நாளில் உங்கள் குடும்பம்?’ என்று ஆயுள் காப்பீடு கேட்கிறது. தர்ப்பணம் தேடுகிறவன் வீட்டில் ஒரு தலைமுறை போய்விட்டது, அடுத்தது இவன்தான் என்று கணக்குப் போட்டிருக்கிறது. கணக்கு சரிதான். அதனால்தான் எரிச்சல்.

போனைத் தூக்கிக் கடலில் போடு என்று சொல்பவர்கள் நெல் போட்டவர்களாக இருக்கமாட்டார்கள். கரண்ட் பில், சிலிண்டர், சிட்டா, கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்க்காமல் எனக்குக் காபி இறங்காது. பார்த்தால் டிராக்டர் விளம்பரம் வரும்.

விளம்பரம் புகாருக்குப் புதிதா என்ன? இந்த ஊரில் கள் விற்றவன் கொடி கட்டினான், வாதுக்கு அழைத்த புலவனும் கொடி கட்டினான் என்று பட்டினப்பாலை சொல்கிறது. அந்தக் கொடிகள் கட்டிய இடத்தில் நின்றன. நேற்று கள்ளுக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாய் என்பதற்காகத் திண்ணை வரைக்கும் வந்து ஆடவில்லை.

கரையேறிய கையோடு சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குப் போனேன். 1973-இல் கட்டிய ஏழு நிலை மாடம். இளங்கோவடிகள் புகாருக்குச் சொன்ன ஐந்து மன்றங்கள் அங்கே நினைவுக்கு வந்து தொலைத்தன. அன்றிலிருந்து இந்தச் செயலிகளை ஒவ்வொரு மன்றத்திலும் நிறுத்திப் பார்ப்பதுதான் எனக்கு வேலை.

இலஞ்சி மன்றம்: குளித்தால் கூனும் செவிடும் நீங்கும் பொய்கை. நெடுங்கல் மன்றம்: சுற்றி வந்தால் பித்தும் நஞ்சும் இறங்கும் கல். தொப்பை கரையும், முடி முளைக்கும் என்கிற ஆசாமிகள் இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளட்டும். தகராறில்லை.

பூத சதுக்கம் அப்படியல்ல. நாற்சந்தியில் நிற்கும் பூதம், தவவேடத்தில் தப்புச் செய்கிறவன், பொய்ச்சாட்சிக்காரன், புறங்கூறுகிறவன் எல்லோரையும் பாசக்கயிற்றில் கட்டிப் புடைத்து உண்ணும். செய்தி வேடம் போட்ட விளம்பரம், முதல் ஆள். வாங்காத மிக்ஸிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர், இரண்டாம் ஆள். திதி பார்த்தேன் என்பதை ஊரெல்லாம் கோள் சொன்ன என் போன், மூன்றாவது. அன்றைக்குப் பூதத்துக்கு அஜீரணம்தான். அதன் குரல் நாலு காதத்துக்குக் கேட்குமாம். என் காப்பீட்டுக்காரரின் குரலும் கேட்கிறது.

இனி வெள்ளிடை மன்றம். வணிகர்கள் பெயரும் அளவும் பொறித்த மூட்டைகளைக் காவலின்றிப் போட்டு வைத்திருந்த திறந்தவெளி. திருடன் மூட்டையைத் தூக்கினால் கழுத்து வலிக்க வலிக்க அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருவான். வெளியே வர வழி கிடைக்காது. சினிமா பார்க்கும் சேவை ஒன்றில் ‘முதல் மாதம் இலவசம்’ என்று சேர்ந்தேன். நிறுத்தப் போனேன். ‘கணக்கு’ என்றது, போனேன். ‘அமைப்புகள்’, ‘திட்டங்கள்’, ‘உங்கள் திட்டத்தை மேம்படுத்துங்கள்’. மேம்படுத்த வரவில்லையப்பா, ஒழிக்க வந்தேன். ‘உதவி’யைத் தொட்டால் ஒரு யந்திரம் வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டு, ‘கணக்கு’க்கே திருப்பி அனுப்பியது. மறுபடி அமைப்புகள், மறுபடி திட்டங்கள். கழுத்து நிஜமாகவே வலித்தது. இளங்கோவடிகள் காலத்தில் சுற்றியவன் திருடன். இப்போது மூட்டையைப் பறிகொடுத்தவன் சுற்றுகிறான்.

சட்டம் இல்லாமல் இல்லை. இப்படி ஆளை மடக்கும் தந்திரங்களை ‘டார்க் பேட்டர்ன்’ என்று 13 வகையாகப் பிரித்து, கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதிமுறை வெளியிட்டது. சந்தாப் பொறி, செய்தி வேட விளம்பரம், ஓயாத நச்சரிப்பு எல்லாம் பட்டியலில் உண்டு. படித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரே போனில் முக்கால்வாசியைப் பார்த்துவிட்டேனே. 2025 ஜூனில் வாட்ஸ்அப்பும் ஸ்டேட்டஸ் பக்கத்துக்கு விளம்பரம் வரும் என்று அறிவித்தது. சித்தப்பா வைக்கும் ‘காலை வணக்கம்’ ரோஜாவுக்கும் பெரியம்மா வைக்கும் முருகனுக்கும் நடுவே யாரோ செருப்பு விற்கலாம்.

மிச்சம் பாவை மன்றம். மன்னன் முறை தவறினால் அங்குள்ள கற்பாவை வாய் பேசாமல் கண்ணீர் வடிக்கும். அதுவும் இப்போது போனுக்கு வந்துவிட்டது. ஒருவழியாக என் அண்ணன் மகன் உதவியோடு ‘சந்தாவை நிறுத்து’ என்ற பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினேன். கரடிப் பொம்மை ஒன்று வந்து, பெரிய கண்ணில் நீர் முட்ட, ‘எங்களை விட்டுப் போகிறீர்களா?’ என்றது. இதுவும் அந்த 13-இல் ஒன்று. சங்கடப்படுத்திச் சம்மதிக்க வைப்பது. கல்நெஞ்சத்தோடு ‘ஆம்’ என்றேன். கரடி இன்னும் கொஞ்சம் அழுதது. கண்ணீருக்குக் கீழே, ‘மூன்று மாதம் பாதி விலை’.

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“பாதி விலைதானே, போட்டு வைங்க. அதுல சீரியல் பாதியில நிக்குது.”