மூன்றில் ஒரு பங்கு: நாகரிகம் வழங்கும் அலுவலகத்துக்கு ஒரு கூட்டு மனு

பெறுநர்: வடிவமைப்புத் துறை, ஃபிராக்ஸிஸ் கேம்ஸ், மேரிலாந்து, அமெரிக்கா.
அனுப்புநர்: 'சிவிலைசேஷன்' ஆட்டத் தொடரின் விசிறிகள், முதல் பதிப்பு முதல் ஏழாம் பதிப்பு வரை. (ஒரே தாளில் கையெழுத்திட மறுத்ததால் ஏழு தாள்கள்.)
பொருள்: ஆட்டத்தை மாற்றியது குறித்தும், மாற்றாமல் விட்டது குறித்தும் முறையீடு.

'சிவிலைசேஷன்' என்பது கி.மு. 4000இல் ஓர் ஊரை அமைத்துத் தொடங்கி, விண்கலம் ஏவுவது வரை போகும் கணினி ஆட்டம். 1991இல் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்தில் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் இதை உருவாக்கினர். ஆடுபவர் தன் டர்னை முடித்ததும் கணினியின் அரசர்கள் தங்கள் டர்னை ஆடுவார்கள்; பிறகு மறுபடி இவர் முறை. இந்த எளிய ஏற்பாட்டுக்குள் ஒரு பொறி இருக்கிறது. அடுத்த டர்னில் களஞ்சியம் கட்டி முடியும். அதற்கடுத்த டர்னில் குதிரையேற்றம் கைகூடும். அதற்கும் அடுத்ததில் எல்லையோரம் நிழலாடிய படை யாருடையது என்று தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தவர் பால்காரர் மணியடிக்கும்போதுதான் எழுந்திருப்பார். இந்தக் குணம் ஏழு பதிப்புகளிலும் மாறவில்லை என்று மனுதாரர்கள் ஏகமனதாக ஒப்புக்கொள்கிறார்கள். ஏகமனது இத்துடன் முடிகிறது.

பதிப்புகள் வெளிவந்த ஆண்டுகள் 1991, 1996, 2001, 2005, 2010, 2016, 2025. ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு பழையபடியே இருக்க வேண்டும், ஒரு பங்கு திருத்தப்பட வேண்டும், ஒரு பங்கு முற்றிலும் புதிதாக இருக்க வேண்டும் என்பது சிட் மையர் பெயரால் வழங்கிவரும் விதி. கணக்கில் பிழை ஏதுமில்லை. வில்லங்கம் பாகப்பிரிவினையில்தான். எந்தப் பங்கு யாருக்கு என்று விதி சொல்லவில்லை. தான் பிரியம் வைத்த பங்கு 'அப்படியே இருக்கும்' பங்கில் விழவில்லை என்றால், மற்ற இரண்டு பங்கும் தங்கமாக இருந்தாலும் விசிறிக்கு அது துரோகம்தான்.

தலைமை வடிவமைப்பாளரும் மாறிக்கொண்டே வந்தார். இரண்டாம் பதிப்பு பிரையன் ரெனால்ட்ஸ் கையில், நான்காவது சோரன் ஜான்சன் கையில், ஐந்தாவது ஜான் ஷேஃபர் கையில், ஆறாவதும் ஏழாவதும் எட் பீச் கையில். புதிதாக வந்த தலைமை ஆசிரியர் முதல் வேலையாகக் கால அட்டவணையை மாற்றி எழுதுவது போல, ஒவ்வொருவரும் வந்ததும் ஒன்றைக் கலைத்து அடுக்கினார்கள். மூன்றாம் பதிப்பில் பண்பாடு வளர வளர நாட்டெல்லை நகர்ந்தது. நான்காம் பதிப்பில் மதங்கள் வந்தன. அந்தப் பதிப்பின் முகப்புப் பாடலான 'பாபா யேது'வுக்கு 2011இல் கிராமி விருது கிடைத்தது. கணினி ஆட்டத்துக்காக எழுதிய இசைக்கு கிராமி கிடைத்தது அதுவே முதல் முறை. அந்தப் பாடலைப் பற்றி மட்டும் எந்தத் தாளிலும் புகார் இல்லை.

படைகளை அடுக்கும் விவகாரம் அப்படியல்ல. முதல் பதிப்பில் ஒரே கட்டத்தில் எத்தனை படையையும் நிறுத்தலாம். ஆனால் கோட்டைக்கும் ஊருக்கும் வெளியே நிற்கும்போது அந்த அடுக்கின் காவலன் ஒருவன் தோற்றால் அடுக்கு மொத்தமும் ஒரே அடியில் ஒழியும். நான்காம் பதிப்பு வரை அடுக்கு அடுக்காகவே இருந்தது. முப்பது படைகள் ஒரே கட்டத்தில் ஏறி, ஒற்றை ஆளாகத் தெரியும் பொம்மைக்குள் ஒளிந்து எதிரி ஊரை நோக்கி நகரும். இதற்கு விசிறிகள் இட்ட பெயர் 'ஸ்டாக் ஆஃப் டூம்'. அதை உடைக்கக் கவண்பொறிகளைச் சாகவே அனுப்ப வேண்டும். அவை செத்துக்கொண்டே அடுக்கு முழுவதையும் காயப்படுத்தும். யுத்த தந்திரம் என்று இதை அழைத்தவர்களும் உண்டு. வழியனுப்பு விழா என்பதே பொருத்தமான பெயர்.

2010இல் ஷேஃபர் சதுரக் கட்டங்களை எடுத்துவிட்டு அறுகோணக் கட்டங்களைப் போட்டார். 1994இன் 'பான்சர் ஜெனரல்' ஆட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, ஒரு கட்டத்தில் ஒரே ஒரு போர்ப்படை என்றும் விதித்தார். அன்று விசிறிகள் வடகலை தென்கலையாகப் பிரிந்தார்கள், இன்னும் சேரவில்லை. புதிய விதி நல்ல விதிதான். மலைக்கும் ஆற்றுக்கும் முதல்முறையாக மரியாதை வந்தது. இரண்டு வில்லாளிகளும் ஓர் ஈட்டிப்படையும் இடம் பார்த்து நின்றால் ஒரு பேரரசைத் தடுக்கலாம். ஆனால் இந்த விதி கணினிக்குப் புரியவில்லை. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு கட்டம் அகலமுள்ள கணவாயைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணினி அரசர் தன் கவண்பொறியை முன்னால் அனுப்பிவிட்டு வாள்வீரர்களைப் பின்னால் நிறுத்துகிறார். கவண்பொறி நொறுங்குகிறது. அடுத்த டர்னில் அதே இடத்துக்கு இன்னொரு கவண்பொறி வருகிறது. பின்னால் ஆறு படைகள், ரேஷன் கடை வரிசை போல, நகர இடமின்றி நிற்கின்றன. எதிரி இவ்வளவு அசடாக இருப்பதில் ஆடுபவருக்கு முதல் ஆட்டத்தில் பெருமை; மூன்றாம் ஆட்டத்தில் கொட்டாவி.

இந்தப் பதினைந்தாண்டு வழக்குக்கு நேர்த்தியான தீர்ப்பு ஏழாம் பதிப்பில் வந்தது. தளபதி ஒருவர் பல படைகளைத் தம்முள் அடக்கி ஒரே கட்டத்தில் பயணம் செய்வார். களத்துக்கு வந்ததும் பிரித்து இறக்குவார். நடக்கும்போது அடுக்கு, சண்டையில் தனித்தனி. இரு கலையாரும் கைதட்டியிருக்க வேண்டும். வேறொன்றைத் திட்டுவதில் மும்முரமாக இருந்ததால் பலர் கவனிக்கவில்லை.

அந்த வேறொன்றுக்குப் போகும் முன், விசிறிகளின் ஞாபகசக்தி பற்றி அலுவலகத்தின் மேலான கவனத்துக்கு ஒரு குறிப்பு. முதல் பதிப்பில் காந்தி அணுகுண்டு வீசுவார் என்பது விசிறிகள் அனைவரும் அறிந்த செய்தி. காரணமும் தயாராக இருக்கிறது: காந்தியின் ஆவேச அளவு 1, ஜனநாயகத்துக்கு மாறியதும் அதிலிருந்து 2 கழிய, எண் கீழே போக இடமின்றிச் சுற்றிக்கொண்டு 255 ஆகிவிட்டது. கணினிப் பாடத்தில் உதாரணமாகச் சொல்லும் அளவுக்கு அழகான கதை. 2020இல் வெளியான தன் நினைவுக் குறிப்பு நூலில் அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று சிட் மையர் மறுத்தார். காந்திக்கு அணுகுண்டு ஆசையை வேடிக்கைக்காக உண்மையிலேயே ஏற்றிவைத்தது ஐந்தாம் பதிப்பு. ஆக, 2010இல் பிறந்த ஒன்றை 1991இல் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள்தான் இம்மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பழைய பதிப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்று அவர்கள் சாட்சி சொல்லும்போது அலுவலகம் இதை நினைவில் கொள்ளலாம்.

சண்டைக்கு அலுவலகத்தின் விற்பனை முறையும் ஒரு காரணம். பழைய பதிப்பு கடையை விட்டுப் போவதில்லை. புதியதன் பக்கத்திலேயே, பெரும் தள்ளுபடியில், எல்லா எக்ஸ்பான்ஷன்களோடும் நிற்கிறது. புதியது அன்றைக்குத்தான் பிறந்தது. ஐந்தாம் பதிப்பு வந்தபோது, நான்காவதில் இருந்த மதமும் உளவும் அதில் இல்லை. 2012இல் 'காட்ஸ் அண்ட் கிங்ஸ்' என்ற எக்ஸ்பான்ஷனில் இரண்டும் தனி விலைக்குத் திரும்பி வந்தன. 2013இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' வந்த பிறகே ஆட்டம் நிறைந்தது. மூன்றாண்டு சோறு ஊட்டி வளர்த்த பிள்ளையைப் பச்சைக் குழந்தையோடு ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தினால் யார் ஜெயிப்பார்கள்? 2010இல் ஐந்தாவதைக் குப்பை என்றவர்கள் 2016இல் அதே ஐந்தாவதை வேதமாக்கி, ஆறாவதின் பளிச் நிறங்களைச் சிறுவர் கார்ட்டூன் என்று பழித்தார்கள். 2025இல் அந்தக் கார்ட்டூனே வேதமாயிற்று. ஏழாவது வந்த ஆண்டில், ஸ்டீம் என்னும் ஆட்ட விற்பனைத் தளத்தில் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கையில் ஐந்தாவதும் ஆறாவதும் அதை முந்தின. தன் கடையைத் தானே தோற்கடித்த வியாபாரம் இது.

இனி ஏழாவது. மூன்றில் ஒரு பங்கு என்ற விதி இங்கே கொஞ்சம் தாராளமாகக் கையாளப்பட்டது. தொடங்கிய ஆட்டத்தை ஆடுபவர்கள் பெரும்பாலும் முடிப்பதில்லை என்பதை அலுவலகம் கண்டறிந்தது. பாதியிலேயே வெற்றி உறுதியாகிவிடும். மிச்சம் வெறும் குமாஸ்தா வேலை. ஆகவே வரலாறு தொல்காலம், தேடல் காலம், நவீன காலம் என மூன்று துண்டாக நறுக்கப்பட்டது. வெளிவந்தபோது, ஒவ்வொரு காலம் முடியும்போதும் நாகரிகத்தையே மாற்ற வேண்டியிருந்தது. தலைவர் மட்டும் அப்படியே இருப்பார். பிரெஞ்சு நிறுவனமான ஆம்ப்லிட்யூட் 2021இல் வெளியிட்ட 'ஹியூமன்கைண்ட்' ஆட்டத்தில் ஏறக்குறைய இதே ஏற்பாடு இருந்தது. 'எந்த நாட்டை ஆள்கிறோம் என்றே மறந்துபோகிறது' என்று அன்று அதைப் பழித்தவர்களின் வீட்டு அடுப்பிலேயே அந்தக் குழம்பு இப்போது கொதிக்கிறது.

வெளியான புதிதில் கால மாற்றம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காட்சி. எதிரி ஊரின் மதில் பாதி இடிந்துவிட்டது. இரண்டு டர்னில் ஊர் விழும். அதற்குள் காலம் முடிந்ததாகத் திரை அறிவிக்கிறது. போர் தானாக ஓய்கிறது. தளபதிகளுக்குள் அடங்காத படைகள் காணாமல் போகின்றன. தலைநகர் தவிர மற்ற நகரங்கள் சிற்றூர் நிலைக்கு இறங்குகின்றன. மதில் இடித்த வீரர்களுக்கு என்ன ஆயிற்று, ஓய்வூதியமாவது உண்டா என்பது பற்றி ஆட்டத்தில் குறிப்பு ஏதுமில்லை.

தமிழ் பேசும் மனுதாரர்கள் தனிக் குறிப்பொன்றை இணைத்திருக்கிறார்கள். தொடக்கம் முதல் இந்தியா என்றால் காந்தி. ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது காந்தி இல்லை. மாறாக மௌரியர், சோழர், முகலாயர் மூவரும் தனித்தனி நாகரிகங்களாக வந்தார்கள். அசோகர் தலைமையில் மௌரியராகத் தொடங்கி, சோழராக வளர்ந்து, முகலாயராக முடிக்கலாம். தம் எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் என்று சோழரையும் பாண்டியரையும் கல்லில் வெட்டிவைத்தவர் அசோகர்; அவரையே சோழர் தலைவராக்குவதற்கு அலுவலகம் எந்தக் கல்வெட்டையும் கேட்கவில்லை. சோழராட்சி மங்கியது 1279ஆம் ஆண்டளவில், பாபர் பானிபட்டில் வென்றது 1526இல். இடையில் இருந்த இரண்டரை நூற்றாண்டு லோடிங் பட்டையில் ஓடிவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலும் உலக அதிசயமாக இடம்பெற்றிருக்கிறது. முந்திக்கொண்டால் ஸ்பானியரும் அதைக் கட்டலாம். முப்பத்துநான்கு ஆண்டு காத்திருந்து சோழர் வந்தார்கள், அதுவும் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு.

ஏழாவது வெளிவந்தபோது அதன் அடிப்படை விலை 70 டாலர். அதற்கு மேல் கொடுத்தவர்கள் 2025 பிப்ரவரி 11க்கு ஐந்து நாள் முன்பே நுழைந்தார்கள். அதாவது அதிருப்தியில் முன்னுரிமைக்குத் தனிக் கட்டணம். கண்ணுக்குத் தெரியும் குறைகளும் இருந்தன: எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லாத திரை, பேரரசுகளைப் பற்றிய ஆட்டத்தில் பிரிட்டன் இல்லை (அது மார்ச்சில் டிஎல்சி என்னும் கூடுதல் பொதியாகத் தனியே விற்பனைக்கு வந்தது), வென்ற பிறகும் தொடர்ந்து ஆட உதவும் 'இன்னும் ஒரு டர்ன்' பொத்தான் இல்லை. திருப்பதியில் லட்டு தீர்ந்துபோனது போன்ற விஷயம் அது. பொத்தான் பின்னர் ஒரு திருத்தத்தில் வந்துசேர்ந்தது. 2025 முடிவதற்குள், ஒரே நாகரிகத்தைக் கடைசி வரை ஆடும் வழியைச் சோதித்துப் பார்ப்பதாகவும் அலுவலகம் அறிவித்தது.

மாற்றமே வேண்டாம் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. டென்மார்க் மாணவர்கள் தொடங்கிய 'ஃப்ரீசிவ்' 1996 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஐந்தாம் பதிப்பை விசிறிகளே 'வாக்ஸ் பாப்புலி' என்னும் மாட் மூலம் திருப்பி எழுதி, கணினி அரசருக்குக் கணவாயைக் கடக்கவும் ஓரளவு கற்றுக்கொடுத்தார்கள். நான்காம், ஐந்தாம் பதிப்புகளின் ஆட்ட விதிகள் அடங்கிய மூல நிரலை அலுவலகம் வெளியிட்டதால் இது முடிந்தது. ஆறாம் பதிப்புக்கு அந்தத் தயவு கிட்டவில்லை. கதவைப் பூட்டிவிட்டு உள்ளே காற்றில்லை என்று புகார் எழுத வைத்துவிட்டார்கள்.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்து அருள வேண்டிய கோரிக்கைகள் வருமாறு. அறுகோணம் நீடிக்க வேண்டும்; சதுரம் திரும்ப வேண்டும். அடுத்த பதிப்பில் எதையும் மாற்றக் கூடாது. ஆனால் முந்தையதையே மறுபடி விலைக்கு விற்றதாகவும் இருக்கக் கூடாது. நாகரிகம் மாறும் ஏற்பாட்டை அடியோடு நீக்க வேண்டும் என்பது ஆறாம் தாளின் வேண்டுகோள். ஏழாம் தாளில் கையெழுத்துகள் இப்போதைக்குக் குறைவு. அந்த ஏற்பாடு பிடித்துப்போன சிலர் அதில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: எட்டாம் பதிப்பு வரும் நாளில் ஏழாவதைக் கடையிலிருந்து எடுத்துவிடக் கூடாது. அன்று காலை ஆறாம் தாளில் உள்ளவர்கள் அதைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

இங்ஙனம்,
மனுதாரர்கள்
(இணைப்பு: ஏழு தாள்கள். ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க வேண்டாம்.)