கீழிருந்து மேலே படிப்பவர்

"டெலீட் பண்ணிட்டீங்களா? அடப்பாவமே!" என்று நெற்றியில் கை வைத்துக்கொள்வார். பார்சல் நிற்கிறது, பணம் கட்டு என்று வந்த ஒரு மோசடி மெயிலைத் தூக்கி எறிந்ததற்குத்தான் இத்தனை துக்கம். நமக்குக் குப்பை, அவருக்குத் தடயம். எங்கள் பிளாக்கில் இருக்கும் அவர், டெலிபோன் டிபார்ட்மெண்டில் லைன் ஃபால்ட் தேடியே ரிட்டயர் ஆனவர். இப்போது தேட லைன் கிடையாது. நம் இன்பாக்ஸ் இருக்கிறது.

மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதே இல்லை. நேராக மூன்று புள்ளி, 'ஷோ ஒரிஜினல்'. மெயிலின் ஹெடர், திரை முழுக்க எழுத்தும் எண்ணுமாகக் கொட்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரியிலிருந்து பாராயணம் தொடங்கும். வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் தன் 'ரிசீவ்டு' வரியை உச்சியில் எழுதிவிட்டுப் போவதால், புறப்பட்ட இடம் அடியில் இருக்கும். "அதையும் நம்பிடக் கூடாது சார். அடி வரியை அந்தப் பயலே புளுகி வெச்சிருப்பான். நம்ம மெயில் கம்பெனி சர்வர் எழுதின வரி எங்கே வருதோ, அங்கேர்ந்துதான் சத்தியம்."

இதை லிஃப்டில் சொல்வார். மாடிப்படியில், கையில் பால் பாக்கெட்டோடு சொல்வார். ஒரு துக்க வீட்டில், ஐஸ் பெட்டிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, செல்போனை என் மடியில் வைத்து, "நேரத்தைப் பாருங்க, பிளஸ் எட்டு போட்டிருக்கான். நம்மது அஞ்சரை" என்று காதோடு சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நாங்கள் இறந்தவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். நானும் முகத்தை அதற்கேற்ற மாதிரிதான் வைத்திருந்தேன். "இப்படியே அனுப்பினா ஹெடர் போயிடும். அட்டாச்மெண்டா ஃபார்வர்டு பண்ணணும்" என்றவர், வண்டி வந்த பிறகுதான் எழுந்தார்.

வெளிக் கம்பெனியிலிருந்து வந்த மெயில் என்றால் அன்றைக்கு மனிதர் உற்சாகமாக இருப்பார். ஐ.பி. எண்ணைப் பிடித்து, அது யாருக்குச் சொந்தம் என்று 'ஹூ இஸ்'ஸில் தேடி, அந்தக் கம்பெனியின் 'அப்யூஸ்' முகவரிக்கு மனு போடுவார். அப்படி ஒரு முகவரி இருக்க வேண்டும் என்று 1997-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2142 என்ற இன்டர்நெட் ஆவணம் சொல்கிறதாம். 'உயர்திரு அப்யூஸ் அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு' என்று தொடங்கி, 'தக்க நடவடிக்கை எடுக்கும்படிப் பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடிப்பார். அங்கே நாற்காலியில் ஓர் அதிகாரி உட்கார்ந்து சீல் குத்துகிறார் என்பது அவர் நம்பிக்கை.

ஆள் ஒடிந்துபோவது, அனுப்பியவனும் வாங்கியவரும் ஒரே மெயில் கம்பெனியில் இருக்கும்போதுதான். ஹெடரில் 'ரிசீவ்டு' வரிகள் அங்கே சீக்கிரமே முடிந்துவிடும். இருக்கிற எண்ணும் சில சமயம் பத்தில் தொடங்கும். அந்த வரிசை, யாரும் தங்கள் உள் நெட்வொர்க்குக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 1996-இலேயே ஒதுக்கி வைத்தது. அதைத் துரத்திப் போனால் எந்த ஊரும் வராது. ஒரு காலத்தில் ஹாட்மெயிலில், எழுதியவன் எந்த ஐ.பி.யிலிருந்து எழுதினான் என்று தனி வரியே இருக்கும். இப்போது வெப்மெயிலில் எழுதினால் பெரிய கம்பெனிகள் அதை மறைத்துவிடுகின்றன. பிரைவசி. "திருட்டுப் பயலுக்கு என்ன சார் பிரைவசி?"

அதைவிட வேதனை, ஹெடரில் தெரியும் எஸ்.பி.எஃப். பாஸ், டி.கே.ஐ.எம். பாஸ், டிமார்க் பாஸ். மெயில் அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்ததா என்று மட்டுமே இந்தச் சோதனைகள் பார்க்கும். அனுப்பியவன் யோக்கியனா என்று பார்க்காது. பக்கத்து வீட்டுப் பையனின் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்க்கிற, ஃபெயிலான பையனின் அப்பா மாதிரி அந்த மூன்று பாஸையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனாலும் இரண்டாம் மாடி டீச்சரம்மா ஏதோ லிங்க்கைத் தொட்டுப் பணம் போய் உட்கார்ந்திருந்தபோது, நாங்களெல்லாம் "எவ்வளவு போச்சு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு டயல் செய்துகொண்டிருந்தார். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த முடியும். அன்றைக்கு அவர் ஹெடரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மெயில் கம்பெனிகள் மேல் அவருக்கு உள்ள கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மோசடிக்காரன் எந்த நம்பரைக் கொடுத்துக் கணக்குத் திறந்தான், எங்கிருந்து உள்ளே வந்தான், எத்தனை பேருக்கு அனுப்பினான், எல்லாம் கம்பெனி கையில் இருக்கிறது. நாம் 'ரிப்போர்ட்' அழுத்தினால் மெயில் கண்ணிலிருந்து மறைகிறது, அவ்வளவுதான். மனு எண் இல்லை. அவன் கணக்கை மூடினார்களா என்று ஒரு வரி பதில் இல்லை. அனுப்பினவனும் அவர்கள் ஆள், வாங்கினவரும் அவர்கள் ஆள், விசாரிப்பதும் அவர்களே. 1978-இல் கேரி துயர்க் என்பவர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் விளம்பரத்தை அனுப்பினார். முதல் ஸ்பாம் என்று அதைச் சொல்வார்கள். "அன்னிக்கு ஆளைப் பிடிச்சுத் திட்டினாங்க சார், திட்டினாங்க!" என்று இவர் சொல்லும்போது குரலில் பொற்காலத்து ஏக்கம் கேட்கும்.

இப்போது புதுத் திட்டம் வைத்திருக்கிறார். ஒருத்தர் சொன்னால் கேட்க மாட்டார்கள், பிளாக் முழுக்க ரிப்போர்ட் அடிக்க வேண்டுமாம். வாசலில் நின்று கேட்கிறார், "அழுத்தினீங்களா?"

"அழுத்திட்டேன் சார்."

"ஸ்கிரீன்ஷாட்?"