கள் குடித்த ஆங்கிலம்

ஆப்பிரிக்க நாவல் பற்றியே இந்த வாரம் இத்தனை கடிதம். எங்கோ பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. தேர்வுக்கு இந்தப் பக்கத்தை நம்புகிறவர்கள் அரியருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடவும்.

ஆப்பிரிக்க மொழியில் நாவல்கள் உண்டா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

எந்த ஆப்பிரிக்க மொழி? அந்தக் கண்டத்தில் சுமார் 2,000 இருக்கின்றன. தாமஸ் மொஃபோலோ ஸிசோத்தோ மொழியில் எழுதிய 'சாக்கா' 1925லேயே அச்சாகிவிட்டது. யொரூபாவில் ஃபகுன்வா 1938ல் காடும் பேயுமாக ஒரு நாவல் எழுதினார். நாம் உட்கார்ந்தது லண்டனும் பாரீஸும் பரிமாறிய பந்தியில். சமையலறைப் பக்கம் யார் எட்டிப் பார்த்தோம்?

சினுவா ஆச்சிபியின் முதல் நாவல் தொலைந்துபோக இருந்ததாமே?
— வங்கி ஊழியர், சேலம்

கையில் இருந்த ஒரே பிரதியை, 22 பவுண்டு கட்டணத்தோடு, லண்டனில் ஒரு தட்டச்சு நிலையத்துக்கு அனுப்பினார். பணம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு மாதக்கணக்கில் பேச்சுமூச்சில்லை. நைஜீரிய வானொலியில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ஆங்கிலேய அம்மாள் விடுமுறைக்கு லண்டன் போனபோது நேரில் போய் ஒரு சத்தம் போட்டார். பிரதி வந்தது, 1958ல் புத்தகமும் வந்தது. வெள்ளைக்காரன் வந்து ஊரைச் சிதைத்த கதையை வெள்ளைக்கார அம்மாள் காப்பாற்றியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதையே 'சிதைவுகள்' என்று என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் படித்தேன். நாயகன் ஒக்கோன்க்வோ ஏன் எப்போதும் முறுக்கிக்கொண்டே திரிகிறான்?
— இல்லத்தரசி, காரைக்குடி

அப்பா பயம். குழல் ஊதிக்கொண்டு, ஊரெல்லாம் கடன் வாங்கிக்கொண்டு திரிந்த அப்பாவைச் சிறுவயதில் ஒரு விளையாட்டுத் தோழன் 'அக்பாலா' என்று சொல்லிவிட்டான். இக்போ மொழியில் அதற்குப் பெண் என்று பொருள். பட்டம் ஏதும் வாங்காத ஆணுக்கும் அதே சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ஓட ஆரம்பித்தவன் கடைசிப் பக்கம்வரை நிற்கவில்லை.

இதில் ஆச்சிபியின் குறும்பு ஒன்று உண்டு. ஊரே நடுங்கும் குறிசொல்லும் தெய்வத்தின் பெயரும் அக்பாலாதான். சாமியாடுகிறவள் ஒரு பெண். ஒரு ராத்திரி வந்து அவன் செல்ல மகளை முதுகில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். மல்யுத்த வீரர் ஒக்கோன்க்வோ அரிவாளும் கையுமாக, சத்தம் காட்டாமல், பின்னாலேயே போகிறார்!

கென்ய நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ முன்பு ஜேம்ஸ் கூகியாமே? பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

ஆள் மாறமாட்டான். ஆனால் தன்னை யார் கூப்பிடுகிறார்கள் என்பது தெளிவாகிவிடும். ஆச்சிபியும் ஆல்பர்ட் என்றுதான் ஞானஸ்நானம் பெற்றார். தானும் விக்டோரியா மகாராணியும் ஆளுக்கொரு ஆல்பர்ட்டை இழந்தவர்கள் என்று பிற்பாடு கேலி செய்துகொண்டார். மகாராணி தன் கணவருக்காகக் கறுப்பு உடுத்தி அழுதார். இவர் அழவில்லை.

கழிவறைக் காகிதத்தில் கூகி நாவல் எழுதியது கட்டுக்கதைதானே?
— மருந்துக்கடைக்காரர், ஈரோடு

நிஜம். கைதிகளை வருத்துவதற்கென்றே முரட்டுக் காகிதமாகக் கொடுத்திருக்கிறார்கள். உடம்புக்கு உதவாதது பேனாவுக்கு வாட்டமாக அமைந்துவிட்டது. தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்தது அதுதான்.

எதற்காக உள்ளே போனார் என்பது இன்னும் சுவாரசியம். ஆங்கிலத்தில் நான்கு நாவல் எழுதினார், நான்காவதில் புதிய கென்ய முதலாளிகளைத் தோலுரித்தார். யாரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. 1977ல் காமிரீத்து கிராமத்தில், விவசாயிகளையும் தொழிலாளிகளையும் நடிக்கவைத்து, கிக்கூயு மொழியில் நாடகம் போட்டார். சில வாரங்களில் தடை. டிசம்பர் 31 அன்று கைது. ஆங்கிலத்தில் திட்டினால் இலக்கியம். ஆத்தாவுக்குப் புரிகிற மாதிரி திட்டினால் தேசத்துரோகம்.

கதாபாத்திரத்தையே கைது செய்யக் கிளம்பிய அரசாங்கம் உண்டா?
— சட்டக் கல்லூரி மாணவி, கோவை

அதே கென்யா, அதே கூகி. 1986ல் வந்த 'மட்டிகாரி'யின் நாயகன் ஊர் ஊராகப் போய் உண்மையும் நியாயமும் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறவன். மட்டிகாரி அங்கே வந்தானாம், இதைக் கேட்டானாம் என்று மக்கள் பேசிக்கொண்டது உளவாளிகள் காதில் விழ, ஆளைப் பிடிக்க ஆணை பறந்தது என்று கூகியே எழுதியிருக்கிறார். பெயர் அட்டையில் மட்டும் இருக்கிற ஆள் என்று தெரிந்ததும், 1987ல் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2025 மே மாதம் இறக்கும்வரை அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. இந்தக் கைது ஆணை கிடைத்தது.

என் மகள் பள்ளியில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். கென்யாவில் எவ்வளவு?
— தந்தை, சென்னை

கூகி படித்த காலத்தில் ரொக்கம் சிலசமயம்தான். முதலில் ஒரு பையனிடம் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். தாய்மொழி பேசி மாட்டுகிறவனிடம் அவன் தள்ளிவிடுவான். சாயங்காலம் யார் யார் கைமாறியது என்று கணக்கெடுத்துப் பிரம்படி. சிலசமயம் 'நான் கழுதை' என்று கழுத்தில் தகடு. உங்கள் பள்ளி பரவாயில்லை, ரசீது கொடுக்கிறார்களா?

ஆங்கிலமா, தாய்மொழியா? ஆச்சிபி கட்சியா, கூகி கட்சியா? மழுப்பாமல் சொல்லவும்.
— நூலகர், புதுச்சேரி

1962ல் கம்பாலாவின் மக்கெரெரே கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்கர்களுக்கு ஒரு மாநாடு. சுவாஹிலிக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. இந்த வழி முட்டுச்சந்து என்று மறு ஆண்டே விமர்சகர் ஓபி வாலி எழுதினார். மாநாட்டுக்குப் பணம் கொடுத்த அமைப்புக்குப் பின்னால் சி.ஐ.ஏ. இருந்தது பிறகு அம்பலமாயிற்று. கல்யாணச் செலவு யாருடையது என்று மாப்பிள்ளைகளுக்கே தெரியவில்லை. என் ஓட்டா? தாய்மொழியில் எழுது என்ற கூகியின் வாதம் சரி. ஆச்சிபியின் நாவல் நல்ல நாவல். இரண்டு பெட்டியிலும் போட்டுவிட்டேன், செல்லாது என்றால் செல்லாது.

எனக்கு ஆங்கில இலக்கணம் தகராறு. நான் ஆங்கில நாவலாசிரியர் ஆகலாமா?
— பெயர் வேண்டாம், வேலூர்

லாகோஸில் அமோஸ் டுட்டுவோலா என்று ஓர் அலுவலகப் பியூன் இருந்தார். பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். 1952ல் அவர் நாவல் லண்டனில் வந்தது. கள் குடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத நாயகன். கள் இறக்குகிறவன் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போக, அவனைத் தேடிச் செத்தவர்களின் ஊருக்கே போகிறான். கவிஞர் டிலன் தாமஸ் கொண்டாடினார். நைஜீரியாவின் படித்த கனவான்களோ மானம் போச்சு என்றார்கள். யொரூபாப் பேச்சு ஏறி ஆங்கிலமே தள்ளாடுகிறது. குடித்தவன் நாயகன் மட்டுமில்லை. நீங்களும் முயலலாம். தப்பு மட்டும் போதாது, கள்ளும் வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு நாவலாசிரியர் என்ன செய்யமுடியும்?
— தறித் தொழிலாளி, கரூர்

சினிமா எடுக்கலாம். செனகலின் உஸ்மான் செம்பென் பிரெஞ்சில் எழுதிப் பார்த்து, பிறகு வொலோஃப் மொழியில் படம் எடுத்தார்.

யொரூபாவில் 'அவன்', 'அவள்' கிடையாதாம். அப்படியானால் ஆண்-பெண் பேதமும் இல்லைதானே?
— மொழியியல் மாணவி, திருச்சி

ஒரே சொல்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும். அண்ணன், அக்காவும் தனித்தனியாக இல்லை. மூத்தது, இளையது, அவ்வளவே. வயதுதான் அங்கே படிநிலை, பெண் என்ற தனி ஜாதியைக் காலனி ஆட்சி கொண்டுவந்து இறக்கியது என்று ஆய்வாளர் ஒயேவுமி 1997ல் ஒரு புத்தகமே எழுதினார். ஒத்துக்கொள்ளாதவர்களும் நிறைய. சுவாஹிலியிலும் அவன்-அவள் இல்லை. ஆனாலும் இலக்கணம் எங்கேயும் பாத்திரம் கழுவியதாகத் தகவல் இல்லை.

ஆப்பிரிக்க இலக்கியம் என்றால் மீசைகளாகவே வருகிறதே, பெண்கள் எழுதவில்லையா?
— கல்லூரி ஆசிரியை, மதுரை

எழுதினார்கள். ஒருவருடையதை எரித்தார்கள். புச்சி எமச்செட்டா, லாகோஸில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். அவருடைய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவரே நெருப்பில் போட்டார். நான்கு குழந்தைகளோடும் வயிற்றில் ஐந்தாவதோடும் வெளியேறி, எரிந்ததை நினைவிலிருந்து மறுபடி எழுதி, 1976ல் வெளியிட்டார். மொழி எது என்று ஆண்கள் மாநாடு போட்ட காலத்தில், பெண்ணுக்கு அதற்கு முந்தைய கேள்வியே பாக்கி இருந்தது: தீப்பெட்டி யார் கையில்?

1979 நாவலுக்கு அவர் வைத்த தலைப்பு, தாய்மையின் இன்பங்கள். ஃப்ளோரா நுவாபாவின் 'எஃபுரு' (1966) முடிகிற இடத்திலிருந்து எடுத்துக் குத்தலாக வைத்தது. பிள்ளைகளுக்காகத் தேய்ந்த நாயகி நுனு ஈகோ தெருவோரத்தில் தனியாகச் சாகிறாள். பிள்ளைகள் தடபுடலாகக் கருமாதி செய்கிறார்கள்; குழந்தை வரம் கேட்க மாடமும் எழும்புகிறது. அவள் ஒருத்திக்கும் கொடுக்கவில்லை.

அண்ணன் செத்ததற்கு வருத்தமில்லை என்று ஒரு பெண் கதை சொல்லத் தொடங்கலாமா?
— கூட்டுக்குடும்பத் தலைவர், கும்பகோணம்

ஜிம்பாப்வேயின் ட்ஸிட்ஸி டங்காரெம்ப்கா 1988ல் ஒரு நாவலை அப்படித்தான் தொடங்கினார். பள்ளிக் கட்டணத்துக்காகத் தங்கை மக்காச்சோளம் விளைவிக்கிறாள். கதிரை அண்ணன் திருடுகிறான். மிஷன் பள்ளிக்குப் போன அண்ணனுக்கு ஷோனா மொழி மறந்துபோய், பெற்ற அம்மாவோடு பேச முடியவில்லை. காரியம் ஏதாவது ஆகவேண்டும் என்றால் மட்டும் இலக்கண சுத்தமாகத் திரும்பி வந்துவிடும். அவன் செத்த பிறகுதான் இவளுக்குப் பள்ளிக்கூடம். ஐயா, உங்கள் வீட்டில் தங்கைக்கு முதலில் ஃபீஸ் கட்டிவிடுங்கள்.

பெண்ணைப் பெண் கட்டுவதெல்லாம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கத்திய இறக்குமதிதானே?
— கவலைப்படுபவர், நாகர்கோவில்

இக்போ வழக்கத்தில் வசதியுள்ள பெண் பரிசம் போட்டு இன்னொரு பெண்ணுக்குக் 'கணவன்' ஆகலாம். மானிடவியலாளர் ஐஃபி அமாடியூமே 1987ல் விரிவாக எழுதியிருக்கிறார், காதல் சமாசாரமாகக் கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு. இறக்குமதி என்றால், ஆணோடு ஆண் சேர்வதற்கான தண்டனைச் சட்டம். நம்மிடம் இருந்த 377வது சட்டப்பிரிவுக்கும் அதே துறைமுகம்தான்.

முதலில் எதைப் படிக்கலாம்?
— பலர்

எமச்செட்டா. பிறகு 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. என் பிரதியை மூன்று வருடம் முன்பு ஒரு நண்பர் இரண்டே நாளில் தருவதாகச் சொல்லி வாங்கிப்போனார். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். படித்துவிட்டுத் தபாலில் அனுப்பவும்.